'வாய்மொழியாக': ஒரு வினையடையின் பொருள் வரலாறு

முன்னுரை

ஒரு சொல்லின் வரலாறு அதனை வழங்கிய மக்களின் வரலாறும் ஆகும். ஆட்சி, வழக்கு, நிலவுரிமை, கல்வி ஆகியவற்றோடு தொடர்புடைய சொற்களுக்கு இது பெரிதும் பொருந்தும். இக்காலத் தமிழில் 'வாய்மொழியாக' என்னும் வினையடை 'எழுத்து மூலமாக அன்றிப் பேச்சளவில்' என்னும் பொருளில் வழங்குகிறது. வாய்மொழியாகக் கூறினார், வாய்மொழியாக உத்தரவிட்டார், வாய்மொழியாக ஒப்புக்கொண்டார் என்னும் தொடர்களைக் கேட்பவர் உடனே 'எழுத்தில் உள்ளதா?' என்று வினவுகின்றார். அவ்வினா எழும்போதே அச்சொல்லின் மதிப்பு ஒருபடி தாழ்ந்துவிடுகிறது. ஆனால் பழந்தமிழில் 'வாய்மொழி' என்பது பொய்யாத மொழியைக் குறித்தது. மெய்யைச் சுட்டிய சொல், மெய்ப்பிக்கப்பட வேண்டியதைச் சுட்டும் சொல்லாக மாறியது எவ்வாறு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கியம், கல்வெட்டு, சட்டம், ஆய்வுலகம் ஆகிய நான்கு களங்களிலிருந்து இதற்கான சான்றுகள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

சொல்லமைப்பு

தொல்காப்பியர் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுத்தார். வினையடை என்பது பிற்கால மொழியியலார் தனித்து எடுத்துரைத்த வகை. மரபிலக்கண நோக்கில் இன்றைய வினையடைகள் பலவும் வினையெச்சங்களே. வாய் என்னும் உறுப்பின் பெயரைக் கொண்டு அமைந்த மூன்று வினையடைகளை ஒப்பிட்டால் அவற்றின் பொருள் வேறுபாடு இலக்கண அமைப்பிலேயே பொதிந்திருத்தல் புலனாகும்.

முதலாவது 'வாயார'. இது 'வாய் ஆர' எனப் பிரியும். ஆர்தல் என்பது நிறைதல். 'செய' என்னும் வாய்பாட்டு எச்சமாகிய 'ஆர' என்பதற்கு 'வாய்' எழுவாயாக நிற்கிறது. வாழ்த்துகின்றவர் வேறு, நிறைகின்ற வாய் வேறு என்பது போன்ற அமைப்பு இது. கண்ணார, செவியார, நெஞ்சார, வயிறார என்பனவும் இவ்வாறு அமைந்தவை. இவற்றில் உறுப்பின் நிறைவு உள்ளத்தின் நிறைவைக் காட்டுகிறது. திருவெம்பாவையின் 15-ஆம் பாடலில் இச்சொல் பாடுதல் என்னும் வினையோடு இயைந்து வருகிறது. இன்றும் அது வாழ்த்துதல், பாடுதல், புகழ்தல், அழைத்தல் போன்ற வினைகளையே நாடுகிறது. வாயார ஏசினார் என்பது இயல்பான வழக்கன்று. வாயாரப் பொய் சொன்னார் என்பதும் அத்தகையதே.

இரண்டாவது 'வாய்விட்டு'. இங்கு 'விட்டு' என்பது 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம். வாய் அதன் செயப்படுபொருள். அடக்கிவைத்ததைத் திறந்துவிடுதல் இதன் அடிப்படைப் பொருள். ஆகவே இது அழுதல், சிரித்தல், கேட்டல் முதலிய வினைகளோடு சேர்கிறது. வாய்விட்டுக் கேட்டான் என்றால் அதுவரை தயங்கி நின்றான் என்பதும் உடன் பெறப்படும்.

மூன்றாவது 'வாய்மொழியாக'. இதில் வாய் எழுவாயும் அன்று, செயப்படுபொருளும் அன்று; மொழி என்பதற்கு அடையாக ஒடுங்கி நிற்கிறது. 'ஆக' என்னும் எச்சம் செயல் எவ்வடிவில் நிகழ்ந்தது என்பதை மட்டும் உரைக்கிறது. பேசியவரின் மனநிலை பற்றி இச்சொல் எதுவும் கூறுவதில்லை. வாயாரவும் வாய்விட்டும் பேசுபவரின் உள்ளத்தைக் காட்ட, வாய்மொழியாக என்பது பேச்சின் ஊடகத்தைக் காட்டுகிறது. பேச்சு ஓர் ஊடகமாகத் தனித்துத் தோன்ற வேண்டுமாயின் அதற்கு எதிராக வேறோர் ஊடகம் இருத்தல் வேண்டும். எனவே எழுத்தை எதிர்நிலையில் வைத்தே இவ்வினையடையின் இக்காலப் பொருள் அமைகிறது எனலாம்.

வாய்மொழி: பொய்யா மொழி

'வாய்' என்னும் சொல் உறுப்பைக் குறிப்பதோடு உண்மை என்னும் பொருளிலும் சங்கப் பாடல்களில் பயின்றுள்ளது. குறுந்தொகை 30-ஆம் பாடலில் தலைவி தான் கண்ட கனவைப் பொய்க்கனவு என்கிறாள். அது மெய்போலும் தன்மை உடையதாக இருந்தது என்பதை உணர்த்த 'வாய்த்தகை' என்னும் தொடர் அங்கு வருகிறது. கனவு மெய்யாதலைக் குறிக்கும் 'வாய்த்தல்' என்னும் வினையோடு இப்பொருள் தொடர்புடையது. வாய்மை என்னும் சொல்லை வாயின் தன்மை என்று விளக்குவாரும், வாய்த்தலின் தன்மை என்று விளக்குவாரும் உளர். உள்ளத்தால் உண்மை, வாயால் வாய்மை, மெய்யால் மெய்ம்மை என்னும் விளக்கம் மேடைகளிலும் வகுப்பறைகளிலும் பெருவழக்காய் உள்ளது. நினைவில் நிறுத்துவதற்கு எளிதெனினும், 'வாய்த்தகை' போன்ற ஆட்சிகளை நோக்க, உறுப்பின் வழியாக மட்டுமே வாய்மையின் பொருள் வந்தது என்று முடிவுகட்ட இயலாது.

அகநானூறு 78-ஆம் பாடலில் நக்கீரர் கபிலரைக் குறிக்குமிடத்து 'வாய்மொழி' என்பதனை அடையாகச் சேர்க்கிறார். பறம்புமலை முற்றுகையின்போது கிளிகளைக் கொண்டு நெற்கதிர் கொணர்வித்த செய்தி அங்குப் பேசப்படுகிறது. அவ்வடைக்கு 'எழுதாமல் வாயால் பாடிய கபிலர்' என்று பொருள் கொள்ளுதல் பொருந்தாது. பொய்யாத மொழியினையுடைய கபிலர் என்பதே பொருள். புறநானூறும் அவரைப் பொய்யா நாவினர் என்று போற்றுதல் இதனை உறுதிப்படுத்தும். அடைமொழி கபிலரின் நம்பகத்தைச் சுட்டுகிறதே அன்றி அவர் பாடலின் ஊடகத்தைச் சுட்டவில்லை.

தொல்காப்பியச் செய்யுளியல் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என யாப்பின் வகைகளை எழாகக் கூறுகிறது. உரையாசிரியர்கள் இங்குள்ள வாய்மொழியை மந்திரம் எனக் கொள்வர். நிறைமொழி மாந்தர் சொல் தன் ஆற்றலால் பலிக்கும் என்பது அதன் அடிப்படை. குறுந்தொகை 156-ஆம் பாடல் வேதத்தை 'எழுதாக் கற்பு' எனச் சுட்டுகிறது. எழுதப்படாமை அங்குக் குறையாகக் கூறப்படவில்லை. அக்கல்வியின் தனித்தன்மையாகவே கூறப்படுகிறது.

திருக்குறளின் 30-ஆம் அதிகாரம் வாய்மையை நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு கூறுதல் என்று வரையறுக்கவில்லை. பிறர்க்குத் தீமை பயக்காத சொல்லே வாய்மை என்கிறது. சொல்லின் மெய்த்தன்மை அதன் விளைவால் அளக்கப்படுகிறது. அதே நூலின் 1100-ஆம் குறளில் கண்ணோடு கண் ஒத்தபின் வாய்ச்சொற்களால் பயனில்லை என்னும் கருத்து வருகிறது. வாய்மை உயர்ந்து நிற்க, வாய்ச்சொல் அளவில் நிற்பது தாழ்தல் ஒரு நூலினுள்ளேயே காணப்படுகிறது. பிற்காலத்தில் 'வாய்ச்சொல் வீரர்' என்னும் வழக்கில் இத்தாழ்வு முழுமையடைந்தது.

வாய்மொழியும் ஏடும்

நம்மாழ்வாரின் 1102 பாசுரங்களைக் கொண்ட நூலுக்குத் 'திருவாய்மொழி' என்பது பெயர். ஆழ்வாரின் திருவாயிலிருந்து தோன்றிய மொழி என்றும், வேதமாகிய மெய்ம்மொழி என்றும் இருபொருளும் இப்பெயரில் இயைகின்றன. இப்பாசுரங்கள் வழக்கற்றுப்போன நிலையில், சிலர் ஓதிய பத்துப் பாசுரங்களைக் கேட்ட நாதமுனிகள் எஞ்சியவற்றைத் தேடிப் பெற்றார் என்பது வைணவ மரபு கூறும் செய்தி. அம்மரபின்படி அவருக்கு முதற்சான்றாக அமைந்தது ஏடன்று, செவிவழிக் கேட்ட பாட்டு.

திருவாய்மொழியின் உரைவரலாறும் ஈண்டுக் கருதத்தக்கது. 13-ஆம் நூற்றாண்டில் நம்பிள்ளை நிகழ்த்திய சொற்பொழிவுகளை வடக்குத் திருவீதிப்பிள்ளை எழுதிவைத்தார். அதுவே 'ஈடு' எனப்படும் முப்பத்தாறாயிரப்படி உரையாயிற்று. ஆசிரியரின் இசைவின்றி எழுதப்பட்ட அவ்வேட்டை நம்பிள்ளை தம்மிடம் வாங்கி வைத்துக்கொண்டு, பின்னர் ஈயுண்ணி மாதவருக்கு அளித்தார் என்றும், அது பல தலைமுறைகள் ஆசிரிய மாணவ வழியில் மட்டும் பயிலப்பட்டு மணவாள மாமுனிகள் காலத்தில் பலரறியப் பரவியது என்றும் மரபு கூறுகிறது. எழுதியதனால் மட்டும் ஓர் உரை பொதுவுடைமை ஆகிவிடவில்லை. ஏடு இருந்தும் அதனை ஓதிக்காட்டும் உரிமை ஆசிரியர் வாயிடமே இருந்தது. ஏட்டின் அதிகாரம் வாயிலிருந்து பெறப்பட்டதே அன்றி வாயின் அதிகாரம் ஏட்டிலிருந்து பெறப்படவில்லை.

அரசன் வாயும் கல்லும்

சோழர் கல்வெட்டுகளில் இவ்வுறவு ஆட்சி நடைமுறையாகவே வெளிப்படுகிறது. அரசன் ஆணையிடுதலைக் குறிக்க அவை 'திருவாய்மொழிந்தருள' என்னும் தொடரை வழங்குகின்றன. தஞ்சைப் பெரியகோயிலில் முதலாம் இராசராசனின் 26-ஆம் ஆட்சியாண்டு, 20-ஆம் நாளைக் குறிக்கும் கல்வெட்டு இதற்குப் பெயர்பெற்ற சான்று. தான் கொடுத்தவற்றையும், தமக்கை கொடுத்தவற்றையும், தேவியர் கொடுத்தவற்றையும், பிறர் கொடுத்தவற்றையும் விமானத்தின் கல்லில் வெட்டுமாறு மன்னன் வாய்மொழிந்தான் என்பது அதன் கருத்து. தஞ்சைக் கோயிலின் உள்ளே அமைந்த திருமஞ்சன சாலையில் இருந்தபோது அவன் அவ்வாறு ஆணையிட்டான் என இடமும் குறிக்கப்படுகிறது. கல்வெட்டின் முதல் அதிகாரம் அவ்வாயிலிருந்தே பிறக்கிறது. கல் அதற்குச் சாட்சியாக நிற்கிறது.

அரசனின் வாய்ச்சொல் 'திருவாய்க்கேள்வி' எனப்பட்டது. சொல்பவரின் வாயும் கேட்பவரின் செவியும் ஒரே தொடரில் இணைந்திருத்தல் நோக்கற்பாலது. கேட்டதை ஓலைப்படுத்துவோர் 'திருமந்திர ஓலை' என்னும் அலுவலர். அவர்களுக்கு மேல் 'திருமந்திர ஓலை நாயகம்' என்பார் இருந்தனர். பின்னர் அவ்வாணை வரிக்கணக்கில் பதியப்பட்டு, நாட்டார்க்கும் ஊரார்க்கும் சென்று, நிலம் அளந்து எல்லை காட்டப்பட்டபின் செப்பேட்டிலோ கல்லிலோ நிலைபெற்றது.

லெய்டன் செப்பேடு என அறியப்படும் ஆனைமங்கலச் செப்பேடு இந்நடைமுறையைத் தெளிவாகக் காட்டுகிறது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிசய மன்னன் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ கி.பி. 1006-இல், வழங்கினான். தந்தை வழங்கிய அக்கொடையை மகன் இராசேந்திரன் நிலைபெறச் செய்தான் என்று அச்செப்பேட்டின் வடமொழிப் பகுதி கூறுகிறது. வாய்மொழி ஆணை அரசனின் வாழ்நாளோடு கட்டுண்டது. கொடையோ அதனைக் கடந்து நிற்க வேண்டியது. அவ்விடைவெளியை நிரப்பவே எழுத்து வேண்டப்பட்டது. எழுத்து இங்கு வாய்மொழியை மறுக்கவில்லை. அதன் ஆயுளை நீட்டித்தது.

பத்திரமும் வாய்மொழியும்

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வுறவு தலைகீழாயிற்று. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872-ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டம் சான்றுகளை வாய்மொழிச் சான்று, ஆவணச் சான்று என இரண்டாகப் பகுத்தது. ஆவணத்தின் உள்ளடக்கம் நீங்கலாக ஏனைய நிகழ்வுகளை வாய்மொழிச் சான்றால் மெய்ப்பிக்கலாம் என்றது 59-ஆம் பிரிவு. அச்சான்று நேரடியானதாக, தாமே கண்டவர் கேட்டவர் கூற்றாக இருத்தல் வேண்டும் என்றது 60-ஆம் பிரிவு. ஒப்பந்தமோ கொடையோ ஆவணமாக எழுதப்பட்டபின் அதன் வாசகத்துக்கு மாறாகவோ கூடுதலாகவோ வாய்மொழி உடன்பாடு ஒன்றைக் காட்ட முயல்வதை, சில விலக்குகளுக்கு உட்பட்டு, 91, 92-ஆம் பிரிவுகள் தடுத்தன. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை பதிவு செய்யப்பட்ட ஆவணத்தின் மூலமே நிகழலாம் என விதித்தது. 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 2023-இல் இயற்றப்பட்ட பாரதிய சாட்சிய அதினியம் 2024 சூலை 1 முதல் பெற்றது. வாய்மொழி, ஆவணம் என்னும் இருபாகுபாடு அதிலும் தொடர்கிறது.

சோழர் நடைமுறையில் வாய் மூலமும் எழுத்து சாட்சியும் ஆகும். இப்புதிய நடைமுறையில் எழுத்து மூலமாகிறது. அதனெதிரே வாய் பல இடங்களில் பேச உரிமையற்றதாகிறது. 'வாய்மொழியாக' என்னும் சொல் தன் இக்கால எடையைப் பெற்றது இச்சூழலிலேயே எனலாம்.

இம்மாற்றத்தின் சுமை எல்லார்மீதும் ஒரே அளவில் விழவில்லை. எழுத்தறிந்தவரும் பத்திரம் எழுதச் செலவிடக் கூடியவரும் இதனால் பாதுகாப்புப் பெற்றனர். காவிரிச் சமவெளியிலும் பிற பகுதிகளிலும் பிறர் நிலத்தில் தலைமுறையாக உழுதவர்களுடைய உடன்பாடுகள் பெரும்பாலும் வாய்மொழியாகவே இருந்தன. வாரம் எவ்வளவு, குத்தகை எவ்வளவு என்பன களத்துமேட்டில் பேசி முடிக்கப்பட்டன. நிலவுடைமையாளர் மறுத்தால் உழுதவரிடம் காட்டுவதற்குத் தாள் ஏதுமில்லை. 1952-ஆம் ஆண்டுத் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1955-ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் இந்நிலையைக் கருதியே இயற்றப்பட்டன. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகை உடன்பாடு வெளிப்படையானதாகவோ உட்கிடையானதாகவோ இருக்கலாம் என ஏற்றது. தன் உடலுழைப்பால் பயிரிடுதலே சாகுபடியாளரை அடையாளப்படுத்தும் கூறாயிற்று. 1969-இல் குத்தகை உரிமைகளைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கெனத் தனிச்சட்டம் வந்தது.

இச்சட்டங்களை மொழிவரலாற்று நோக்கில் படித்தால் ஒன்று தெளிவாகும். வாய்மொழி உடன்பாட்டை மெய்யென ஏற்கச் சட்டம் ஒரு கையை நீட்டுகிறது. மறுகையால் அதனைப் பதிவேட்டில் எழுதச் சொல்கிறது. உழவரின் சொல் மெய்யாகவே இருந்தாலும் அது எழுத்தாக மாறிய பின்னரே அவருக்கு உரிமை நிலைக்கிறது. கபிலருக்கு அடைமொழியாக நின்று பெருமை சேர்த்த அச்சொல்லே, ஓர் உழவருக்கு 'வாய்மொழிக் குத்தகைதாரர்' என்று அடையாகும்போது அவர் நிலையின் உறுதியின்மையைச் சுட்டுகிறது.

வாயின்றி வாய்மொழி

சட்டத்தின் வழியாகவே இச்சொல்லுக்கு மற்றொரு விரிவும் நேர்ந்தது. வாய் பேச இயலாத சாட்சி, நீதிமன்றத்தில் அனைவர் முன்னிலையிலும் எழுதியோ சைகை காட்டியோ சான்று கூறலாம் என்றும், அச்சான்று வாய்மொழிச் சான்றாகவே கருதப்படும் என்றும் 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 119-ஆம் பிரிவு கூறியது. வாயினின்று வாராததும் தாளில் எழுதப்பட்டதும்கூட வாய்மொழி ஆயிற்று. ஆளே நேரில் நின்று, பிறர் வினாவுக்கு ஆட்பட்டுத் தன் பொறுப்பில் தெரிவிப்பதே இங்கு வாய்மொழியின் இலக்கணமாகிறது, உறுப்பு இன்றியமையாததன்று.

1885-இல் அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் முழு ஆயம் தீர்ப்பளித்த பேரரசி எதிர் அப்துல்லா வழக்கு இவ்வகையில் பெயர்பெற்றது. கழுத்து அறுக்கப்பட்டுப் பேசவியலாத நிலையில் கிடந்த ஒரு பெண், தன்னைத் தாக்கியவர் யார் என்று கேட்கப்பட்ட வினாக்களுக்குக் கைச்சைகையால் விடை தெரிவித்து இறந்தார். அச்சைகை மரண வாக்குமூலம் ஆகுமா என்பதே வழக்கு. சட்டத்தின் 32-ஆம் பிரிவில் உள்ள சொல், வாயால் பேசப்பட்டதை மட்டும் குறிப்பதன்று, சொற்களால் ஆவது என்னும் விரிந்த பொருளுடையது என நீதிபதிகளுள் பெரும்பான்மையோர் கொண்டனர். கேட்கப்பட்ட வினாவும் காட்டப்பட்ட சைகையும் இணைந்து ஒரு கூற்றாகும் என்பது அவர்கள் முடிவு. வாய்வழியது வேறு, சொல்வழியது வேறு என்னும் நுண்ணிய வேறுபாட்டின்மீது ஒரு பெண்ணின் இறுதிச் சாட்சியம் நின்றது. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் இருக்க, தமிழில் இரண்டையும் 'வாய்மொழி' என்றே பெயர்க்கும் பழக்கம் உண்டு. 'சொல்வழி', 'வாய்வழி' என இரண்டாகப் பிரித்து வழங்குதல் சட்டத்தமிழுக்கு நலம் பயக்கும்.

ஆணையும் பொறுப்பும்

ஆட்சித்துறையில் இவ்வினையடை இன்று பெரிதும் அஞ்சப்படும் சொல். மேலதிகாரியின் கட்டளை பொதுவாக எழுத்தில் இருத்தல் வேண்டும், வாய்மொழியாக வழங்குதல் தவிர்க்க இயலாததாயின் உடனடியாக எழுத்தில் உறுதிப்படுத்தப்பட வேண்டும் என 1968-ஆம் ஆண்டு அனைத்திந்தியப் பணிகள் நடத்தை விதிகளின் 3-ஆம் விதி கூறுகிறது. டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் முதலியோர் தொடுத்த வழக்கில் 2013 அக்டோபர் 31 அன்று தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், வாய்மொழிக் கட்டளைகளை அலுவலர்கள் பதிவு செய்தாக வேண்டும் என்பதை வலியுறுத்தியது. பதிவில்லாதபோது 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பயனற்றுப்போகும் என்பதும் அத்தீர்ப்பில் சுட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று.

திருவாய்க்கேள்வியை ஓலைப்படுத்திய சோழர் அலுவலரும், வாய்மொழிக் கட்டளையைக் கோப்பில் எழுதும் இன்றைய அலுவலரும் செய்வது வெளித்தோற்றத்தில் ஒரே பணி. நோக்கமோ வேறு. முன்னவர் அரசன் சொல் அழியாதிருக்க எழுதினார். பின்னவர் சொன்னவர் பின்னாளில் மறுக்காதிருக்க எழுதுகிறார். அரசன் வாய்மொழியை அவன் மறுப்பான் என்னும் எண்ணத்துக்குக் கல்வெட்டு மொழியில் இடமில்லை. குடியாட்சியில் சொன்னவரைச் சொல்லுக்குப் பொறுப்பாக்குவதே எழுத்தின் கடமை. ஆகவே வாய்மொழியின் மதிப்பு குறைந்தது என்று வருந்துவதற்கு மட்டும் இவ்வரலாற்றில் இடமில்லை. பொதுமக்கள் ஆட்சியாளரை வினவும் உரிமை வளர்ந்ததும் இதனுள் அடங்கும்.

ஆய்வுலகில் வாய்மொழி

ஒருபுறம் சட்டம் வாய்மொழியைத் தாழ்த்த, 20-ஆம் நூற்றாண்டின் ஆய்வுலகம் அதற்குப் புதிய மதிப்பை அளித்தது. க. கைலாசபதி 1968-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய நூல், சங்கப் பாடல்கள் வாய்மொழிப் புனைவு மரபைச் சார்ந்தவை என வாதிட்டது. அடிக்கடி மீளும் தொடர்களும் பொருட்கூறுகளும் அவருக்குச் சான்றாயின. பாணர்தம் வாய்மொழி மரபை அடியொற்றிப் புலவர்கள் இயற்றியவையே அவை என ஜார்ஜ் ஹார்ட் போன்றோர் வேறு முடிவு கண்டனர். நா. வானமாமலை (1917–1980) 1969-இல் 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கியதோடு, கதைப்பாடல்கள் பலவற்றைப் பதிப்பித்து, அவற்றை வரலாற்றுக்கும் சமூக ஆய்வுக்கும் உரிய மூலங்களாக நிறுவினார். வாய்மொழி இலக்கியம், வாய்மொழி வரலாறு, வாய்மொழி வழக்காறு என்னும் கலைச்சொற்கள் நிலைபெற்றன. ஏடறியாதவரின் சொல்லும் சான்றே என்னும் கொள்கை இவற்றின் அடித்தளம்.

எனினும் வாய்மொழியையும் எழுத்தையும் முற்றும் எதிரெதிரே நிறுத்துதல் கள உண்மைக்குப் பொருந்தாது. தென்மாவட்ட வில்லுப்பாட்டுக் கலைஞர்கள் ஏட்டுப்பிரதிகளையும் குறிப்பேடுகளையும் கையாளுதலை ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். பாட்டு ஏட்டிலிருந்து வாய்க்கும், வாயிலிருந்து ஏட்டுக்கும் மாறிமாறிச் செல்கிறது. கணக்கு மனனம் செய்யும் 'வாய்ப்பாடு' அச்சிட்ட நூலாக விற்கப்படுவதும் இவ்வுறவுக்கு எளிய எடுத்துக்காட்டு.

பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்திற்கான ஆய்வேடு பல நூறு பக்கங்கள் எழுதப்பட்டாலும், பொது வாய்மொழித் தேர்வில் ஆய்வாளர் நேரில் விடையிறுத்த பின்னரே பட்டம் உறுதியாகிறது. எழுத்தை எல்லாவற்றிற்கும் மூலமாகக் கொள்ளும் நிறுவனமே, அவ்வெழுத்து அவருடையதுதானா என்பதை அறிய அவர் வாயை நாடுகிறது. வாய்மொழி மெய்ம்மையின் உரைகல்லாக இருந்த பழம்பொருளின் எச்சம் இங்கு இன்னும் நிலவுகிறது.

பிறமொழி ஒப்பீடு

தமிழகத்துக்கு வெளியே தமிழ் கற்பிப்போர்க்கு அண்டைமொழி ஒப்பீடு பயன்தரும். மலையாளத்தில் வாமொழி, வரமொழி என்னும் இணை பேச்சுமொழியையும் எழுத்துமொழியையும் குறிக்கிறது. அங்கு வாமொழி மொழியின் ஒரு வகை. தமிழில் வாய்மொழி செய்தி உணர்த்தும் முறை. இரண்டும் ஒரே வேரினவாயினும் பொருட்களம் வேறு. கன்னடத்தில் 'பாயி' என்பது வாய். 'பாயிபாட' என்பது மனப்பாடம். இந்தியில் 'மௌகிக்' என்பது முகம் என்னும் வடசொல்லின் வாய் என்னும் பொருளிலிருந்தும், 'சபானீ' என்பது நாவைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்தும் வந்தவை. இந்தியைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர் இவ்விரண்டையும் 'வாய்மொழியாக' என்று பெயர்ப்பது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் மனப்பாடமாக ஒப்பித்தலைக் குறிக்கும் இடத்தில் 'சபானீ' என்பதற்கு அது ஈடாகாது. 'பார்க்காமல்' அல்லது 'மனப்பாடமாக' என்பதே தமிழ் வழக்கு. அவ்வாறே 'வாயார' வேண்டிய இடத்தில் 'வாய்மொழியாக' வாழ்த்தினார் என்று எழுதினால் வாழ்த்தில் மனமில்லை என்னும் குறிப்புப் பொருள் வந்துவிடும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. வாயார, வாய்விட்டு, வாய்மொழியாக என்பவற்றின் பொருள் வேறுபாடு, வாய் என்னும் சொல் முறையே எழுவாயாகவும் செயப்படுபொருளாகவும் அடையாகவும் நிற்றலால் விளைகிறது.

2. இங்குக் காட்டப்பெற்ற பழந்தமிழ் ஆட்சிகளில் வாய்மொழி என்பது சொல்லின் மெய்ம்மையைக் குறித்தது, ஊடகத்தைக் குறிக்கவில்லை.

3. சோழர் ஆவணங்களில் வாய்மொழி அதிகாரத்தின் தோற்றுவாயாகவும் எழுத்து அதன் நிலைபேறாகவும் அமைந்தன. காலனியச் சட்டத்தில் எழுத்து முதன்மை பெற, வாய்மொழி மெய்ப்பிக்கப்பட வேண்டியதாயிற்று.

4. அம்மாற்றத்தின் சுமை பத்திரமற்ற உழவர் போன்றோர் மீது மிகுதியாக விழுந்தது. அதன் நன்மை ஆட்சியாளரைப் பொறுப்பேற்கச் செய்வதில் வெளிப்படுகிறது.

5. சட்டமும் பல்கலைக்கழகமும் சில இடங்களில் ஆள் நேரில் நின்று பொறுப்பேற்றலையே வாய்மொழியின் உயிராகக் கொள்கின்றன.

'வாய்மொழியாக' என்னும் சொல்லைக் கேட்டவுடன் அதனை ஐயுறுதல் 19-ஆம் நூற்றாண்டுக்குப் பின் நாம் பயின்ற பழக்கம். அவ்வையம் ஆணையிடுவோர் முன்னிலையில் வேண்டப்படுவது. நிலத்தை உழுதவர், நிகழ்ந்ததைக் கண்டவர், பாட்டை நினைவில் காத்தவர் ஆகியோர் முன்னிலையில் அதனை அளவோடு கொள்ளுதல் தக்கது. அவர்தம் சொல்லைக் கேட்டு எழுதும் கடமை எழுத்தறிந்தோரைச் சாரும்.